பழுக்கத் தொடங்கிய எலுமிச்சை நிறம்

எங்கள் பெரிய ஜவுளி வீதியில் நடமாடுகிறவர்களின் நிழல்களுக்கு நிறம் வந்த அந்தக் கோடையில், ஊருக்குக் குடிதண்ணீர் வாரம் ஒரு முறைதான் வந்துகொண்டிருந்தது என்பதால், முதலில் நிழலைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடுகிறவர்களுக்குத் தங்கள் காலடியில் கூடவே ஓடுவது கறுப்பா, கத்திரிப்பூ நிறமா என்று குனிந்து பார்க்க நேரம் ஏது. பார்த்தவர்களும் வெயிலில் கண் பூத்துப்போய்விட்டது என்று முகம் கழுவப் போனார்கள், குழாயில் தண்ணீர் இல்லாததால் கழுவாமலேயே திரும்பி வந்தார்கள்.

காரணம் கோகிலவாணி விரித்த துணி. கோகிலவாணி எங்கள் வீதி டெய்லர் சவரிமுத்துவின் மனைவி, சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தவள், ஆனால் ஓவியம் என்றால் நாங்கள் நினைக்கிற மயிலையோ மாட்டுவண்டியையோ குடம் தூக்கிய பெண்ணையோ அவள் வரைந்து நாங்கள் பார்த்ததில்லை. மெல்லிய மல் துணியைச் சாயத்தில் முக்கி வெயிலுக்கு எதிரே கட்டுவாள், அதற்குள் வெளிச்சம் புகுந்து வெளியே வருவதுதான் ஓவியம் என்பாள். கொச்சியிலும் டெல்லியிலும் பெரிய பெரிய கூடங்களில் அவள் துணிகள் தொங்கின, ஆட்கள் அவற்றின் முன்னால் வாய் பேசாமல் நின்றார்கள் என்று பேப்பரில் வந்தது. "அதுல என்ன உருவமுங்க இருக்குது?" என்று டீக்கடை குஞ்சப்பன் ஒருமுறை கேட்டார். "உருவம் இல்லீங்க, நெறந்தான்" என்றாள். வெறும் நிறத்தைப் பார்க்கவா ரயிலேறி வந்தார்கள் என்று குஞ்சப்பன் ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தார்.

வேதக்காரப் பையனை, மாதா கோயிலுக்குப் போகிறவனைக் கட்டிக்கொண்டாள் என்று அவள் வீட்டார் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். எங்கள் வீதி மட்டும் அவர்கள் இருவரையும் ஒன்றும் சொல்லவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம், சவரிமுத்துவைப்போல் ஜாக்கெட் தைக்க நாலு தாலுக்காவில் ஆள் கிடையாது. தையல் போட்ட இடம் தெரியாமல் தைப்பார், தைத்ததைக் கட்டிக்கொண்டவர்களே எங்கே இணைத்திருக்கிறது என்று தேடுவார்கள்.

கத்திரி வெயில் தொடங்கினால் வீதிக்கு மேலே பச்சை வலை கட்டுவது வழக்கம். அந்த வருஷம் ஜவுளி வணிகர் சங்கத் தலைவர் சென்னியப்பனுக்கு வேறொரு யோசனை வந்தது. "டெல்லி வரைக்கும் துணி கட்டுன புள்ள நம்ம வீதியிலயே இருக்குது, நமக்குக் கட்டாதா?" என்று அவளிடமே வந்து கேட்டார். அவளும் சந்தோஷமாகத் தலையாட்டினாள், பாவம். மறுநாளிலிருந்து அவள் வீட்டு வாசலில் ஆள் நிற்க ஆரம்பித்தது. சிவப்புக்குப் பக்கத்தில் கறுப்பு வரக்கூடாது என்றார் ஒருவர், மஞ்சளுக்குப் பக்கத்தில் பச்சை வந்தால் எங்கள் பையன்கள் சும்மா இருக்கமாட்டார்கள் என்றார் இன்னொருவர், காவிக்குப் பக்கத்தில் எது வந்தாலும் சரி, எது வராவிட்டாலும் சரி, நாங்கள் கேள்வி கேட்போம் என்றார் மூன்றாமவர். எங்கள் ஊரில் இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அது ஒரு கட்சி, மூன்று வந்தால் அது ஒரு சாதிச் சங்கம். "இந்த ஊர்ல வானவில்லுக்கே பர்மிசன் கெடைக்காதாட்டம் இருக்குதே" என்று கோகிலவாணி சவரியிடம் சொல்லிச் சிரித்தாள்.

அப்படிச் சிரித்தபோதுதான் அவளுக்கு அது தோன்றியது. எந்த நிறமும் எந்த நிறத்துக்கும் பக்கத்தில் இல்லாத ஒரு துணி. சவரி மல் துணியை அகலத்துக்கு அகலம் சேர்த்து, வீதி முழு நீளத்துக்கும் ஒரே துணியாகத் தைத்துக் கொடுக்க, மூடிக்கிடந்த ஒரு சாயப்பட்டறையின் தொட்டிகளில் அவள் அதை விரல் விரலாக இழுத்து இழுத்து முக்கி, ஒரு நிறம் காய்வதற்குள் அடுத்த நிறத்தை அதற்குள் ஊறவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் குங்குமமாகத் தொடங்கி, கனகாம்பரமாகி, மஞ்சளாகி, இலையாகி, ஆகாயமாகி, ஆற்றுப் பக்கம் நாவல்பழமாக முடிகிற வரைக்கும் எங்கேயும் ஒரு கோடு விழாமல் பார்த்துக்கொண்டாள். கட்சிக்காரர்கள் அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலிக்கத் தேடினார்கள். அவர்கள் கொடி எங்கேயும் இல்லை, மற்றவர் கொடியும் இல்லை. எல்லோரும் திருப்தியோடு வீட்டுக்குப் போனார்கள்.

அந்தத் துணிக்குக் கீழே ஒருமுறை நடந்து வந்தவர்களின் நிழலில்தான் நிறம் ஒட்டிக்கொண்டது. குங்குமத்திலிருந்து நாவல்பழம் வரைக்கும் எல்லோரும் எல்லா நிறத்துக்கும் கீழேதான் நடந்தார்கள். ஆனாலும் ஒவ்வொருவர் நிழலும் ஏதோ ஓரிடத்து நிறத்தை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போன பிறகும், டியூப்லைட்டுக்குக் கீழேயும், அதே நிறத்தில் கிடந்தது. அப்பனுக்குச் சிவப்பு, அம்மாவுக்கு நீலம், இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு மஞ்சள், மற்றொன்றுக்கு ஊதா. பணக்காரன், ஏழை, அந்தத் தெரு, இந்தத் தெரு என்று எந்தக் கணக்குக்கும் அது கட்டுப்படவில்லை. கோயில் குருக்கள் இது நல்லதுக்கு என்றார், கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார், சென்னியப்பன் நிழலுக்கு மேட்சாகச் சேலை என்று கடை வாசலில் போர்டு வைத்தார். தண்ணீர் லாரி இரண்டாம் முறை வந்து போவதற்குள் எங்களுக்கு அது பழகிவிட்டது.

இன்னொன்றும் தெரியவந்தது. ஒருநாள் ஒரு குரங்கு துணிமேல் குதித்துக் கனகாம்பர நிறத்தில் ஒரு முழம் கிழித்துவிட்டது. அதே நேரத்தில், சவரி கடைக்கு எதிரே பூக்கூடை வைத்திருக்கும் மாராத்தாளின் முழங்கைக்குக் கீழே சதை வாய் திறந்தது. மாராத்தாளின் நிழல் கனகாம்பர நிறம். ரத்தம் ஒரு சொட்டு வரவில்லை, திறந்த இடத்தின் வழியே கூடையில் இருந்த மல்லிகைப்பூ தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் வலியில் அவள் தரையில் உருண்டாள். கோகிலவாணி ஏணியில் ஏறிக் கிழிசலைத் தைத்ததும் கை மூடிக்கொண்டது, வலி நின்றது, மாராத்தாள் எழுந்து பூவுக்குத் தண்ணீர் தெளித்தாள். துணிக்கு என்ன ஆகிறதோ அது அந்த நிறத்து ஆளுக்கு ஆகும் என்பது அன்றைக்கே வீதி முழுக்கத் தெரியும். தெரியாது என்று பிற்பாடு யாரும் சொல்ல முடியாது.

ஆட்களைச் சூடு, குளிர்ச்சி என்று பிரித்ததுகூட முதலில் அக்கறையாகத்தான் தொடங்கியது. டீ குடிக்க வந்த ஒருவரின் காலடியில் மிளகாய்ச் சிவப்பில் நிழல் கிடப்பதைப் பார்த்த குஞ்சப்பன், "இத்தன சூட்ட ஒடம்புல வெச்சுக்கிட்டு டீ கேக்கறீங்களே, மோர் குடிங்க" என்று டம்ளரை நீட்டினார். கருநீல நிழலோடு வந்தவருக்குச் சளி பிடித்துவிடும் என்று சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். பப்பாளியும் முட்டையும் மாம்பழமும் சூடு, வெள்ளரியும் இளநீரும் பூசணியும் குளிர்ச்சி என்று பிறந்ததிலிருந்து உலகத்தையே இரண்டாகப் பிரித்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், நாடி பிடித்துப் பார்த்துச் சொன்னதை இப்போது தரையிலேயே பார்க்க முடிகிறது என்றுதான் நினைத்தோம். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் சூட்டு நிழல். பச்சை, நீலம், ஊதா எல்லாம் குளிர் நிழல்.

மோர் டம்ளரில் காப்பி ஊற்றினால் ருசி கெடுகிறது என்று டம்ளர்கள் பிரிந்தன. டம்ளர் பிரிந்த பிறகு பெஞ்சு மட்டும் ஒன்றாக இருப்பானேன், சூட்டு ஆளும் குளிர்ச்சி ஆளும் உரசி உட்கார்ந்தால் ஜுரம் வரும் என்று யாரோ சொன்னார்கள், பெஞ்சும் பிரிந்தது. ஜோசியர் பத்துப் பொருத்தத்துக்குப் பிறகு பதினொன்றாவதாக நிழலைப் பார்த்தார். ஏற்கெனவே கல்யாணமானவர்கள் நடுவில் தலையணை வைத்துக்கொண்டார்கள், ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் வேறு வேறு தட்டில் சாப்பிட்டார்கள், சூட்டார் நலச் சங்கம் என்று ஒன்றும் குளிர்ச்சியார் முன்னேற்றப் பேரவை என்று ஒன்றும் ஆளுக்கொரு பேனரோடு வந்து நின்றன. பழைய சாதியெல்லாம் இதோடு ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டவர்களும் இருந்தார்கள். பழையது எங்கேயும் போகவில்லை, அதன்மேலேயே இதையும் மடித்து வைத்துக்கொண்டோம்.

கோடே இல்லாத ஒன்றைத் தெருவுக்கு மேலே கட்டி, அதை அண்ணாந்து பார்த்த கண்ணாலேயே ஊர் இப்படிக் கீழே பார்க்கும் என்று கோகிலவாணி கனவிலும் நினைக்கவில்லை. "நான் வெளிச்சத்தக் குடுத்தேன், இவிய அதுல பத்தியம் பாக்கறாங்க" என்று சவரியிடம் அழாத குறையாகச் சொன்னாள்.

சவரிக்கு அதைவிடப் பெரிய சங்கடம் இருந்தது. அவருடைய நிழல் பழுக்கத் தொடங்கிய எலுமிச்சை நிறம். பச்சை என்று பார்த்தால் மஞ்சள், மஞ்சள் என்று பார்த்தால் பச்சை. எலுமிச்சை சூடா குளிர்ச்சியா என்று எங்கள் ஊரில் நாலு பேரைக் கேட்டால் ஐந்து பதில் வரும். சூட்டார் அவரைக் குளிர்ச்சி என்றார்கள், குளிர்ச்சியார் அவரைச் சூடு என்றார்கள், குஞ்சப்பன் கையைப் பிசைந்துகொண்டு, "ஒரு முடிவு தெரியற வரைக்கும் நீங்க ஊட்லயே குடிச்சுக்குங்க டெய்லரு, தப்பா நெனைக்காதீங்க" என்றார். சவரி தப்பாக நினைக்கவில்லை, பிளாஸ்கில் டீ கொண்டுவந்தார். அவர் தைத்த ஜாக்கெட்டைப் போட்டால் எந்தப் பக்கத்துச் சீக்கு வருமோ என்று இரண்டு பக்கத்துப் பெண்களும் வேறு ஆள் தேடினார்கள். துணியில் அவருடைய இடம் எது என்று கோகிலவாணிக்குத் தெரியும், மஞ்சள் இலையாகிற இடத்தில் ஒரு விரற்கடை. ஏணியில் ஏறி அவள் அந்த இடத்தைத் தடவினால், கீழே கடைக்குள் சவரி நெளிந்து சிரிப்பார். அந்தக் கெட்ட நாட்களில் அவர்கள் இருவருக்கும் இருந்த ஒரே விளையாட்டு அது.

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் குழந்தைகளுக்கு அம்மை வார்த்தது. கத்திரி வெயிலில் அம்மை வராத வருஷம் ஏது. ஆனால் அந்த வருஷம் சூடும் குளிர்ச்சியும் ஒரே துணிக்குக் கீழே கலந்து நடப்பதால்தான் வந்தது என்று பேச்சு கிளம்பி, வேப்பிலை செருகிய வாசல்களெல்லாம் அதையே சொல்லி, பெற்றவர்கள் பயந்துபோய்ச் சென்னியப்பனிடம் வந்தார்கள். பயத்தைக் குற்றம் சொல்ல முடியாது, பிள்ளை உடம்பு முழுக்கக் கொப்புளத்தோடு கிடந்தால் எந்தத் தாய்க்குத்தான் புத்தி நிற்கும். கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள்.

"துணிய வெட்டோணும்" என்றார் சென்னியப்பன். "சூட்டுத் துணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம், குளிர்ச்சித் துணி ஆத்துப் பக்கம். அவிய அவிய துணிக்குக் கீழ அவிய அவிய இருந்துக்கிட்டா ஒரு தொந்தரவும் இல்ல. சூடு எங்க முடியுது, குளிர்ச்சி எங்க ஆரம்பிக்குதுன்னு அம்மிணி ஒரு கோடு மட்டும் போட்டுக் குடுங்க."

"மாராத்தா கைய மறந்துட்டீங்களா?" என்றாள் கோகிலவாணி.

"அது கிழிசல் அம்மிணி. இது கோடு. கோட்டு மேல யாரு இருக்கப்போறாங்க? இந்தப் பக்கம் ஆளு, அந்தப் பக்கம் ஆளு. நடுவுல ஆளிருந்தா அது எப்படிக் கோடாகும்?"

"என்ற ஊட்டுக்காரரு இருக்கறாருங்க."

பின்வரிசையிலிருந்து ஒருவர், ஒரு சாண் தள்ளி வெட்டினால் போகிறது என்றார். "பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சாண் தள்ளுனா தபால்காரரு சம்சாரம் இருக்கறாங்க" என்றாள் கோகிலவாணி. "ஆத்துப் பக்கம் தள்ளுனா தலைவரு மருமவ. எங்க வெட்டுனாலும் யாரோ ஒருத்தரு இருப்பாங்க. அதுல ஆளில்லாத எடமே இல்லீங்க. வேணுமின்னா மொத்தமா அவுத்துத் தந்துடறேன், ஊட்டுக்குக் கொண்டு போறேன்." அவிழ்த்துவிட்டால் நிழல் பழையபடி கறுப்பாகிவிடுமா என்று கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை. சென்னியப்பன் அதற்குமேல் அந்த ஒரு சாணைப் பற்றிப் பேசவில்லை.

கோடு போட அவள் மறுத்துவிட்டதால், பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிகள் செய்வதையே நாங்களும் செய்தோம். துணியை இறக்கி வீதியில் விரித்து, குங்குமத் தலைப்பை ஆட்கள் தூக்கிக்கொண்டு நடந்து வந்து நாவல்பழத் தலைப்போடு சேர்த்து, சரிபாதியாக மடித்தோம். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, யார்மேலும் பழியில்லை, மடிப்பு விழுகிற இடம் கடவுள் விட்ட வழி. மடிப்பு எலுமிச்சையில் விழுந்தது.

சரி, ஒருத்தர்தானே என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கோகிலவாணி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள், அங்கே அவள் நிழலைப் பார்த்துக் குளிர்ச்சியார் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். இருக்கிற உறவையெல்லாம் தேடிப் போனாள், தலைமுழுகியவர்கள் கதவைத் திறக்கவில்லை. துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடலாம் என்றால் இரண்டு சங்கத்து ஆட்களும் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். அவர்கள் ஒற்றுமையாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

வெட்டுகிற அன்று காலையில் சங்கத்து ஆள் ஒருவர் சவரி கடை வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். எங்கள் வீதியில் எந்தக் கடை திறந்தாலும் ரிப்பன் வெட்டச் சவரியின் கத்திரியைத்தான் இரவல் வாங்குவோம், அந்தப் பழக்கத்தில் கால் தானாக அங்கே வந்துவிட்டிருந்தது. சவரி எழுந்து, பெரிய கத்திரியைச் சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்து, துடைத்து, அவர் கையில் கொடுத்தார். கோகிலவாணி பிடுங்கப் பாய்ந்தாள்.

"உட்டுடு புள்ள" என்றார் சவரி. "நான் குடுக்கலீன்னா துருப்புடிச்ச கத்திரியில வெட்டுவானுங்க. அது இன்னும் வலிக்கும்."

அவர் நூல் கண்டும் ஊசியும் எடுத்து அவள் கையில் வைத்து, "நீ பின்னாலயே தெச்சுட்டு வந்துரு. நான் மெசின்ல உக்காந்துக்கறேன், ஒரு பாவாட பாக்கி இருக்குது" என்றார்.

எங்களுக்கு எது செய்தாலும் திறப்பு விழாவாகத்தான் செய்யத் தெரியும். வாழைமரம் கட்டியிருந்தது, மைக் செட் இருந்தது, நாதஸ்வரம் இருந்தது, வெள்ளித் தட்டில் குங்குமத்துக்கும் சந்தனத்துக்கும் நடுவில் சவரியின் கத்திரி இருந்தது. துணியை மடிப்பு விழுந்த இடத்தில் பெஞ்சுகள்மேல் ஏற்றி வைத்து, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, வெட்டியதும் அவரவர் பாதியை அவரவர் இழுத்து மேலே ஏற்ற ஆட்கள் தயாராக நின்றார்கள். சென்னியப்பன் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு முதல் வெட்டு வெட்டினார். நாங்கள் கைதட்டினோம். அவருக்குப் பின்னாலேயே கோகிலவாணி குனிந்து, வெட்டிய இடத்தைச் சேர்த்துப் பிடித்து, ஊசியைக் குத்தி எடுத்தாள். கத்திரி முன்னால் போனது, ஊசி பின்னால் வந்தது, அவளைத் தள்ளிவிட யாருக்கும் தைரியம் வரவில்லை.

கடைக்குள் தையல் மெஷின் நின்றது. எதிரே பூக்கூடையோடு இருந்த மாராத்தாள்தான் முதலில் பார்த்தாள். சவரியின் இடது தோளில் சதை வாய் திறந்து, நெஞ்சுக்குக் குறுக்கே மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. "அவரு வழியா பின்னால நூல் அலமாரி தெரியுதுங்க" என்று சாதாரணமாகச் சொன்னாள். பக்கத்திலிருந்த மைக் அதை எடுத்து வீதி முழுக்கச் சொன்னது.

சென்னியப்பன் நிறுத்தியிருக்கலாம். அவர் கை நின்றதா, நாங்கள் கைதட்டியதில் மறுபடி நகர்ந்ததா, இல்லை சவரி போட்ட சாணைக்குக் கத்திரி தானாகவே ஓடியதா, இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. துணி மறு ஓரம் வரைக்கும் போய் இரண்டாகப் பிரிந்தது. ஊசி ஒரு கை நீளம்தான் வந்திருந்தது. துணி பிரிந்ததும் யாரோ கொளுத்திய சரவெடிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காத கயிற்றுக்காரர்கள், சொன்ன வேலையைச் செய்தார்கள், இரண்டு பக்கமும் இழுத்தார்கள். கடைக்குள் நாற்காலியில் சவரியின் தலையும் வலது தோளும் ஒரு பக்கம் சாய்ந்தன, இடது கையும் இடுப்பும் நேராகவே உட்கார்ந்திருந்தன, நடுவில் நூல் அலமாரி முழுதாகத் தெரிந்தது, கண்டுகளின் நிறம்கூடத் தெரிந்தது. அவர் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை, சத்தம் வர வேண்டிய இடம் இரண்டாகக் கிடந்தது.

"இழுக்காதீங்க" என்று கோகிலவாணி போட்ட கூச்சலை நாங்கள் யாரும் சாகும் வரைக்கும் மறக்கப்போவதில்லை. மாராத்தாள் பூக்கூடையை உதறிவிட்டுப் வெட்டுப்பட்ட பச்சை விளிம்பின்மேல் குப்புற விழுந்து பிடித்துக்கொண்டாள். குஞ்சப்பன் ஓடிவந்து மஞ்சள் விளிம்பைப் பிடித்தார். தபால்காரர் மனைவி பிடித்தாள், சென்னியப்பனின் மருமகள் மாமனாரைத் தாண்டி வந்து பிடித்தாள், அம்மை வார்த்த பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவளும் ஒரு கையால் பிடித்தாள். பிறகு யார் சூடு, யார் குளிர்ச்சி என்று தெரியாமல் வீதியே வந்து இரண்டு விளிம்புகளையும் ஒன்றோடொன்று சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றது. எங்கள் நிழல்களெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து தரை கலங்கிக் கிடந்தது. யாருக்கும் ஜுரம் வரவில்லை. கோகிலவாணி தைத்தாள். அவள் சாயக்காரியே தவிரத் தையல்காரி இல்லை, சவரி கொடுத்த நூல் கண்டு கறுப்பு. முன்னும் பின்னும் பெரிது பெரிதாகக் குத்திக்கொண்டே, மாதாவே மாரியம்மா என்று இரண்டு வீட்டுச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டே, வெயில் தலைக்கு மேலே ஏறி இறங்குகிற வரைக்கும் தைத்து, மறு ஓரத்தில் முடிச்சுப் போட்டாள்.

முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்து கடைக்கு நடந்தாள். நாங்கள் துணியை விடப் பயந்து பிடித்தபடியே நின்றோம். சவரி நாற்காலியில் முழுதாக உட்கார்ந்திருந்தார். சட்டையைத் திறந்து, தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் நெஞ்சுக்குக் குறுக்கே ஓடிய கறுப்புத் தையலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தையல் கோணலா இருக்குது புள்ள" என்றார்.

அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அவர் காலடியில் உட்கார்ந்து பெருங்குரலில் அழுதாள். நாங்களும் அழுதோம், வெட்கமாக இருந்தது, சென்னியப்பன் வெள்ளித் தட்டோடு தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் குஞ்சப்பன் கடையில் எந்த டம்ளர் கிடைத்ததோ அதில் எல்லோரும் குடித்தோம், சவரிக்குத்தான் முதல் டீ. துணியை ஒரு சுருக்கம் விழாமல் கைத்தாங்கலாகத் தூக்கி, பழைய இடத்திலேயே வீதிக்கு மேலே கட்டினோம். இனி இந்தப் பேச்சே இல்லை என்று இரண்டு சங்கத்தாரும் கையடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் மெஷின் சத்தம் கேட்டபோது கோகிலவாணிக்கு உயிர் வந்தது. முகம் கழுவிக்கொண்டு வீதிக்கு வந்தாள். சென்னியப்பன் ஒரு தட்டில் பொன்னாடையோடு நின்றிருந்தார், பின்னால் இரண்டு சங்கத்தாரும் மாலையோடு நின்றிருந்தார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள், ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி.

"பாவம் பண்ணிட்டமேன்னு கண்ணு மூடலீங்க அம்மிணி" என்றார் சென்னியப்பன். "காலையில வந்து அண்ணாந்து பார்த்தா, கோடு கெடக்குது. கறுப்பா, தெளிவா. இனி வெட்டறதுக்கு அவசியமே இல்ல பாருங்க. இந்தப் பக்கம் சூடு, அந்தப் பக்கம் குளிர்ச்சி. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க. டெய்லரு கோட்டு மேலயே இருந்துக்கட்டும், அவரு ஒடம்புலயே கோடு இருக்குது, இனி அவர யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. இத்தன அருமையாக் கோடு போட உங்களத் தவிர யாருக்கு வருமுங்க?"

கோகிலவாணி அண்ணாந்து பார்த்தாள். காலை வெயில் துணிக்குள் புகுந்து வந்துகொண்டிருந்தது. அவள் அவசரத்தில் போட்ட ஒவ்வொரு தையலும் கீழே வீதியில் கறுப்பாக விழுந்து, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரு கோணல் கோடாகக் கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஒருத்தி வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள், அந்தப் பக்கம் ஒருத்தி கூட்டிக்கொண்டிருந்தாள், இரண்டு விளக்குமாறும் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்று திரும்பின. தாண்டிக் குதிக்கப் போன குழந்தையை அதன் தாய் வெடுக்கென்று பின்னால் இழுத்தாள். நேற்று ஒரு கையால் துணியைப் பிடித்தவள்தான் அவள்.

ஏணி சுவரோரம் சாய்ந்திருந்தது. கோகிலவாணி இடுப்பில் செருகியிருந்த நூல் வெட்டும் சிறு கத்திரியை உருவிக்கொண்டு ஏறினாள். யாரும் தடுக்கவில்லை. மேலே போய் முடிச்சைப் பிடித்து, அதற்குள் கத்திரியின் முனையை விட்டாள்.

கீழே கடைக்குள் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாவாடையின் கடைசி மடிப்பைத் தைத்தபடி, சவரி யாரிடமோ நூல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் கத்திரியை வெளியே எடுத்தாள். முடிச்சு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். நெகிழ்ந்திருந்ததால், இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டு, இறங்கி வந்தாள்.